இரண்டு துடிப்புக்கு நடுவே

அடைப்பை எடுத்து ஐந்து நிமிஷம் ஆகியும் கொம்பையாவின் இதயத் தசைக்கு ரத்தம் போய்ச் சேரவில்லை.

எனக்குப் பொறுமை கிடையாது. இருபத்தாறு வருஷமாக நர்ஸ், அதில் பத்தொன்பது வருஷம் இந்த ஆஞ்சியோ அறைக்குப் பொறுப்பு. ரத்தம், அழுகை, அரசியல்வாதியின் மச்சான் என்று எல்லாம் பழகிவிட்டது. காத்திருப்பது மட்டும் இன்னும் பழகவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கச் சொன்னால் என் கால் தானாகத் தரையைத் தட்ட ஆரம்பித்துவிடும். அன்றைக்குக் காலை பதினொன்றரைக்கும் தட்டிக்கொண்டிருந்தது.

"குளோரி சிஸ்டர், கால்" என்றார் டாக்டர் நிரஞ்சன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கால் கெடக்கட்டும் டாக்டர். சாயம் ஏன் நிக்குது?"

அவர் இன்னொரு தடவை சாயத்தைச் செலுத்திப் பார்த்தார். சென்னைக்காரர், முப்பத்து மூன்று வயது, கைவேலை சுத்தம். பலூனை விரித்து ஸ்டென்ட் வைத்த அழகில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பெரிய குழாய் திரையில் அகலமாகத் திறந்து கிடந்தது. ஆனால் நாங்கள் செலுத்திய சாயம் அதன் முனைவரை போய், அங்கேயே தேங்கி நின்றது. அதற்கப்பால் இருக்கும் மயிரிழைக் குழாய்கள் ஒன்றும் வாயைத் திறக்கவில்லை.

மேஜையில் கொம்பையா விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். மணிக்கட்டு வழியாகக் கம்பி விடுகிற வைத்தியம் இது, மயக்க மருந்து கிடையாது. ஐம்பத்து நாலு வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வெயிலில் காய்ந்த கறுத்த முகம் சாம்பல் பூத்திருந்தது.

"அண்ணாச்சி, வலி கொறஞ்சிருக்கா?"

"இல்லையே தாயி. அடைப்ப எடுத்தாச்சுன்னீங்க. எடுத்த பெறவும் அமுக்குதே."

"அமுக்கும். பேசாம படுங்க."

முன்னெல்லாம் இந்தக் கட்டத்தில் ஒன்றிரண்டு மருந்தைப் பீய்ச்சிப் பார்ப்போம், மிச்சத்தை ஆண்டவரிடம் விட்டுவிடுவோம். குழாய் திறந்த சந்தோஷத்தில் வீட்டுக்குப் போகிறவர்கள் ஆறு மாசத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வருவார்கள். ஆறு வருஷமாகத்தான் எறும்பு வந்திருக்கிறது. அரசாங்கத் தாளில் அதற்கு இரண்டு வரி நீளத்துக்கு ஒரு பெயர் உண்டு, நாங்கள் எறும்பு என்போம். ரத்த அணுவை விடச் சின்னதாக லட்சக்கணக்கான துகள்கள் ஒரு குப்பிக்குள் இருக்கும். ஒட்டிக்கிடக்கும் மயிரிழைக் குழாய்க்குள் ஊர்ந்து போய் அதை விரித்துவிடும். ஆனால் சும்மா விட முடியாது. யாருடைய இதயத்துக்குள் போகிறதோ அந்த இதயம் எப்படித் துடிக்கும் என்று முதலில் அதற்குப் பாடம் ஏற்ற வேண்டும். பாடம் ஏறி முடிய பதினாலு நிமிஷம். ஒரு தடவை முடிந்தால் பிறகு மாற்ற முடியாது. அன்றைக்கு எங்கள் கையிருப்பில் ஒரே ஒரு குப்பி. அடுத்தது மதுரையிலிருந்து வர வேண்டும்.

பாடம் எங்கே கிடைக்கும் என்ற கவலை இல்லை. உயரத்தில் வேலை பார்க்கிற எல்லோரும் மணிக்கட்டில் இதயப்பட்டை கட்டியாக வேண்டும் என்பது சட்டம். எங்கோ ஒரு துறைமுகத்தில் கிரேன்காரர் ஒருவருக்கு மேலேயே நெஞ்சு நின்று, கொள்கலன் ஆட்கள் மேல் விழுந்ததிலிருந்து அப்படி. கொம்பையாவின் பெயரைத் தட்டினோம், கடைசி மூன்று வருஷத்துத் துடிப்பும் வந்து விழுந்தது. எல்லாம் பச்சை. 'வயதுக்கேற்ற நல்ல இதயம்' என்று மாசாமாசம் முத்திரை.

"பழைய துடிப்புக்கும் இப்போதைய துடிப்புக்கும் ஒப்பீடு அறுபத்தொரு சதம்" என்றார் டாக்டர். "அறுபதைத் தாண்டிடுச்சு. ஏத்துங்க."

ஏற்றினேன். திரையின் மூலையில் பதினாலு என்ற எண் பதின்மூன்று ஆயிற்று.

அறுபத்தொன்று எனக்குப் பிடிக்கவில்லை. அடிபட்ட இதயம் பழையபடி துடிக்காது, ஒப்பீடு குறையத்தான் செய்யும் என்று எனக்கும் தெரியும். எழுபது, எழுபத்தைந்து என்றுதான் பார்த்திருக்கிறேன். சும்மா நிற்க முடியாமல் பழைய பதிவைப் புரட்ட ஆரம்பித்தேன்.

தினமும் காலை ஐந்தரைக்கு ஒரு மணி நேரம் இதயம் நூற்றைம்பதில் ஓடியது. ஐம்பத்து நாலு வயதுக்காரர் ஓட்டப்பயிற்சியா எடுக்கிறார்? சரி, எடுக்கட்டும். இன்றைய பதிவுக்கு வந்தேன். கூட வேலை பார்ப்பவர்கள் சொன்னபடி அண்ணாச்சிக்கு வலி வந்தது ஒன்பதே முக்காலுக்கு. பட்டையில் ஒன்பதே முக்காலுக்கு இதயம் அமைதியாக எழுபதில் இருந்தது. பத்து இருபதுக்குத் திடீரென்று நூற்று நாற்பதுக்குத் தாவியது. அரை நிமிஷத்தில் பதிவே அறுந்துபோயிருந்தது.

"டாக்டர், வலி வந்த நேரம் இடிக்குது."

"நேரத்தை யார் சிஸ்டர் சரியா சொல்றாங்க? கேஸ்னு நினைச்சு சோடா குடிச்சிட்டு இருந்திருப்பாங்க. பட்டை பொய் சொல்லாது. பத்து இருபதுக்குத்தான் அட்டாக் வந்திருக்கு."

அவர் சொல்வதும் நியாயம்தான். சொந்தக்காரர்கள் சொல்கிற நேரத்தை நம்பி நான் ஏமாந்தது கொஞ்சமா? ஆனாலும் மனசு அடங்கவில்லை. தூங்கும்போது இருந்த துடிப்பை மட்டும் பிரித்து மாசக் கணக்கில் அடுக்கிப் பார்த்தேன்.

ஓர் அலை. இரண்டு வாரம் அறுபத்திரண்டு, அடுத்த இரண்டு வாரம் அறுபத்தாறு, மறுபடியும் அறுபத்திரண்டு. இருபத்தெட்டு நாளுக்கு ஒரு தடவை, சில மாசம் இருபத்தொன்பது. முப்பத்தாறு மாசமும் தவறாமல். இதே அலையை, நானாக வாங்கிக் கட்டியிருக்கும் என் சொந்தப் பட்டையில் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். போன வருஷம் எனக்கு மாதவிலக்கு நின்றதும் அதுவும் நின்றது.

"டாக்டர், பாடத்த நிறுத்துங்க. இது இவரு பதிவு இல்ல."

"என்ன சொல்றீங்க?"

"இது ஒரு பொம்பளப் பிள்ளையோட துடிப்பு. மாசாமாசம் ஏறி எறங்குது பாருங்க. உங்க மிஷினுக்கும் தெரியல, உங்களுக்கும் தெரியல."

அவர் திரையைப் பார்த்தார். மூலையில் எண் ஒன்பதுக்கு வந்திருந்தது. "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். சந்தேகத்தில் நிறுத்தினா ஏறின பாடமும் அழிஞ்சிடும். தசை ஏற்கெனவே பசியில் கிடக்கு. உறுதியா சொல்லுங்க, நிறுத்தறேன்."

நான் மேஜை ஓரம் போய்க் குனிந்தேன். "அண்ணாச்சி, இந்தப் பட்டை யாரு கைல கெடந்துச்சு?"

"என் கைலதான். வேற எவன் கைல கெடக்கும்?"

வாய் அப்படிச் சொன்னது. தலைக்கு மேலே மானிட்டரில் தொண்ணூற்றாறில் இருந்த துடிப்பு நூற்றுப் பன்னிரண்டுக்கு ஏறியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள். அவரிடம் மல்லுக்கட்ட நேரமில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன்.

நடையில் இரண்டு பேர். ஒருவர் துறைமுகத்தின் பாதுகாப்பு அதிகாரி மகராஜன், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. இன்னொருத்தி கொம்பையாவின் மகள் சந்தனமாரி. இருபத்து நாலு வயது, ஒற்றைநாடி உடம்பு, ஓட்டப்பந்தயக்காரிகள் போடுகிற ஷூ. தாய் இல்லாத பிள்ளை என்று சேர்க்கும்போதே சொல்லியிருந்தாள்.

"எப்படி இருக்காரு சிஸ்டர்? பட்டைப் பதிவெல்லாம் ஒழுங்கா இருக்கா?" என்று மகராஜன் எழுந்தார். மனுஷன் எப்படி இருக்கிறான் என்ற கேள்விக்குப் பின்னாலேயே பதிவும் வந்துவிட்டது.

"ரத்தம் வேணும். மக குரூப்தான். நீ வாட்டி" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், துணி அடுக்கும் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன்.

பிடித்த கையைத் திருப்பிப் பார்த்தேன். மணிக்கட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு வெயில் படாத வெளுத்த தடம்.

"பட்டை எங்க?"

"எது சிஸ்டர்? நான் பட்டை கட்டுறதில்ல. உயரத்துல வேலை பாக்கறவங்களுக்குத்தான அது?"

"பத்து இருவதுக்கு உனக்கு போன் வந்துச்சு. அப்பாவுக்கு நெஞ்சுவலின்னு சொன்னாவ. உன் நெஞ்சு நூத்தி நாப்பதுக்குத் தாவுச்சு. அரை நிமிஷத்துல கழத்திட்ட. அதத்தான் உள்ள டாக்டரு உங்கப்பாவோட அட்டாக்குன்னு பாத்துக்கிட்டு இருக்காரு."

அவள் முகம் வெளுத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, வாயத் தொற. ஏழு நிமிஷந்தான் இருக்கு."

"சொல்ல முடியாது சிஸ்டர். அப்பா தலைல கை வச்சு சத்தியம் பண்ணிருக்கேன். ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போதும் கேட்டுக்கிட்டாவ. மீறிச் சொன்னா அவுக உசுருக்குத்தான்..."

எனக்கு வந்த கோபத்துக்கு அவளை இரண்டு அறை விட்டிருப்பேன். ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்ததும் முடியவில்லை. அவள் பொய்க்காரி இல்லை. சத்தியத்தை மீறினால் அப்பா செத்துவிடுவார் என்று நிஜமாகவே நம்பினாள்.

"நல்லாக் கேளு. உங்கப்பா பெரிய குழாய தொறந்தாச்சு. வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சு, வயலுக்குப் பாயல. பாய வைக்க ஒரு மருந்து இருக்கு. நம்ம இருதயம் இருக்கே, அது சுருங்கும்போது ஒடம்பு பூரா ரத்தம் குடுக்கும். தனக்கு மட்டும் அப்ப எடுத்துக்காது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல கொஞ்சம் ஓய்வு இருக்குல்லா, அப்பத்தான் அதுக்குச் சாப்பாடு. அந்த மருந்தும் அந்த ஓய்வுலதான் வேலை பாக்கணும். துடிக்கும்போது அசையாம ஒட்டிக்கிட்டு இருக்கணும். மாறிப்போச்சுன்னா மயிரிழைக் குழாயெல்லாம் கிழிஞ்சி தசைக்குள்ளயே ரத்தம் கொட்டும்."

"அதுக்கும் பட்டைக்கும் என்ன சிஸ்டர்?"

"ஓய்வு எப்ப வரும், எவ்வளவு நேரம்னு பட்டையப் பாத்துத்தான் அந்த மருந்து படிக்குது. இப்ப அது உன் ஓய்வப் படிச்சிக்கிட்டு இருக்கு. உன் தாளத்தோட உங்கப்பா நெஞ்சுக்குள்ள போகப் போவுது."

அவள் சுவரில் சாய்ந்தாள். "சொன்னா அப்பா பொழச்சிருவாவளா?"

"பொழப்பாருன்னு சொல்ல நான் ஆண்டவரில்ல. நீ சொல்லலன்னா சாவாருன்னு மட்டும் எனக்குத் தெரியும்."

"சத்தியம்..."

"அத என் தலைல போடு. உங்கப்பா மேல நீ பண்ணின சத்தியத்த இந்தக் குளோரி மீற வச்சா. வாற பாவம் எனக்கு வரட்டும். சொல்லு."

சொல்லிவிட்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் பட்டை இரண்டு மாசம் தொடர்ந்து மஞ்சள் காட்டியது. இன்னொரு மஞ்சள் வந்தால் கிரேனை விட்டு இறக்கிவிடுவோம் என்று கடிதம் வந்தது. "எறக்கிட்டா அப்பா ஆளே இல்ல அக்கா. தரையில எந்த வேலை குடுத்தாலும் அவுக இருக்க மாட்டாவ. மேல இருந்து கடலப் பாக்கணும் அவுகளுக்கு. நாந்தான் சொன்னேன், நான் தெனமும் ஓடத்தான செய்யுதேன், பட்டைய எங்கிட்ட தாங்கன்னு. அப்பா வேண்டாம்னாவ. நாந்தான் பிடுங்கிக் கட்டிக்கிட்டேன். அவுக கைல கட்ட, பட்டை மாதிரியே வெறுங்கூடு ஒண்ணு சந்தையில வாங்கிக் குடுத்தேன்."

பட்டையில் இடம் காட்டும் வசதியைத் தொழிற்சங்கம் போராடி எடுக்க வைத்திருந்தது. அதனால் பட்டை கடற்கரையில் ஓடுகிறதா, கிரேன் மேல் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை.

நான் திரும்பி ஓடினேன். "நிறுத்துங்க டாக்டர்! மக ஒத்துக்கிட்டா!"

எண் இரண்டில் இருந்தது. டாக்டர் விசையை அமுக்கினார். திரை வெறுமையாயிற்று. ஏறின பாடமெல்லாம் அழிந்துவிட்டது. கொம்பையா கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்போ என்ன செய்யறது?" என்று டாக்டர் தனக்குத்தானே கேட்டார், பிறகு தானே பதிலும் சொன்னார். "நேரடிப் பாடம்தான், பழைய பதிவு அளவுக்குத் துல்லியமா வராது. இவர் இதயத்தையே பத்து நிமிஷம் கேட்டுப் படிக்கட்டும். ஆனா இந்தத் துடிப்பைப் பாருங்க சிஸ்டர். நூற்றுப் பதினெட்டு. ஓய்வே இல்லை. இதில் எறும்பு என்னத்தைப் படிக்கும்? அமைதிப்படுத்த ஊசி போட்டா பிரஷர் விழுந்துடும்."

"மகள உள்ள கூப்பிடலாம்."

"இந்த அறைக்குள்ளயா? விதிமுறை..."

"விதிமுறைய நான் பாத்துக்கிடுதேன்."

எக்ஸ்ரே படாமலிருக்க நாங்கள் போடுகிற ஈயக் கோட்டு ஒன்றை அந்தச் சின்ன உடம்பில் மாட்டியதும் அவள் தோள் ஒருபக்கம் சாய்ந்தது. தலைமாட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன். கொம்பையா கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார்.

"சொல்லிட்டியாட்டி?"

"சொல்லிட்டேம்ப்பா."

நூற்று முப்பத்தொன்று. டாக்டர் என்னை முறைத்தார். தப்பு செய்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

"சத்தியம் பண்ணினியே மாரி."

"அத குளோரி சிஸ்டர் வாங்கிக்கிட்டாவ."

அவர் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார். "உங்களுக்கு எதுக்கு தாயி அது?"

"எங்கிட்ட ஏகப்பட்டது கெடக்கு அண்ணாச்சி. இதுவும் ஒரு ஓரமா கெடந்துட்டுப் போகுது."

அந்த நிலைமையிலும் அவருக்கு ஒரு சிரிப்பு வந்தது. அது பாதியில் அழுகையாக மாறியது. சத்தமில்லாமல் கண்ணீர் காது வழியாக வழிந்தது. மகள் தன் உள்ளங்கையால் துடைத்தாள்.

"அப்ப இனிமே மேல ஏற வேண்டாம்" என்றார்.

"வேண்டாம்ப்பா."

"தெனமும் ஏணியில கால வைக்கும்போது இன்னைக்கா நாளைக்கான்னு நெனச்சிக்கிட்டேதான் ஏறுவேன் டாக்டர். நடுவுல ரெண்டு தட்டுல நின்னு மூச்சு வாங்கிக்கிடுவேன். கீழ இருக்கவன் கேட்டா கடலப் பாக்கேன்னு சொல்லுவேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார். "சொன்னது நல்லதாப் போச்சுட்டி."

மானிட்டரைப் பார்த்தேன். நூற்றுப் பதினைந்து. நூற்று ஆறு. தொண்ணூற்றேழு. டாக்டர் மெதுவாக, தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பது போல விசையை அமுக்கினார். எறும்பு படிக்க ஆரம்பித்தது. அந்தப் பத்து நிமிஷமும் அவள் அப்பாவின் நெற்றியில் கை வைத்தபடி, கடற்கரையில் யார் எந்த நாயை வளர்க்கிறார்கள் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என் கால் தட்டவில்லை.

எறும்பை விட்டோம். ஆறாவது நிமிஷம் சாயம் அசைந்தது. தேங்கி நின்ற இடத்திலிருந்து நூல் நூலாகப் பிரிந்து உள்ளே போய், தசை முழுக்கக் கறுப்பாகப் பரவியது. எங்கள் அறையில் அதைப் பூத்துவிட்டது என்போம்.

"பூத்துடுச்சு" என்றார் டாக்டர். குரல் உடைந்திருந்தது.

"அமுக்குறது நின்னுட்டு தாயி" என்றார் கொம்பையா.

நான் கை கழுவப் போய், குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு மணிக்கு நான் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். மகராஜன் வாசலில் வந்து நின்றார். "பதிவோட நகல் எனக்கு இன்னைக்கே வேணும் சிஸ்டர். துறைமுகத்துக்கு அனுப்பணும்."

"வரும். போயி ஒக்காருங்க."

அவர் போனதும் சந்தனமாரி வந்தாள். வரும்போதே கண் கலங்கியிருந்தது.

"அக்கா, அப்பா எப்படியும் இனி கிரேன் ஏற மாட்டாவ. பதிவுல பேர மட்டும் மாத்தாம விட்டுருங்க. அப்பா பேருலயே இருந்துட்டுப் போவட்டும்."

"ஏன்?"

"பொய்ப் பதிவுன்னு தெரிஞ்சா எம்பேருல கேஸ் வரும். எனக்கு வியாழக்கிழமை எஸ்.ஐ. தேர்வுக்கு ஓட்டம் இருக்கு. ரெண்டு தடவ எழுத்துல போயி இந்தத் தடவைதான் தேறிருக்கேன். மூணு வருஷமா விடியக்காலம் ஓடுதது இதுக்குத்தான். கேஸ் இருந்தா போலீசு வேலைக்கு எடுக்க மாட்டாவ அக்கா."

டாக்டரிடம் போய்க் கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "பேர் திருத்தறது உங்க வேலை சிஸ்டர். நான் எதையும் கேக்கல" என்றார். படித்தவர்கள் நழுவுகிற அழகே தனி.

திரும்பி வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்பன் பிழைத்துக்கொண்டான். பிள்ளை ஓடிப் பாஸாகி ஒரு வேலைக்குப் போகட்டும். யாருக்கு என்ன நஷ்டம்? 'சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்துக்கு மேல் விரலை வைத்தேன்.

ஆனால் அந்த விரல் இறங்கவில்லை. இருபத்தாறு வருஷமாக எடுத்த எடுப்பில் கோபம் வருகிறது என்று என்னைத் திட்டாத ஆளில்லை. ஆனால் பொய்ப் பதிவு எழுதினாள் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. அதோடு, நாளைக்கு இன்னொரு தடவை இவருக்கு நெஞ்சு வலித்து வேறொரு ஊரில் சேர்த்தால், அங்கே இருக்கிறவர்கள் இதே பதிவை எடுத்து ஏற்ற மாட்டார்களா? அங்கே மாசக் கணக்கை யார் புரட்டிப் பார்ப்பார்கள்? அந்த எண்ணம் வந்ததும் எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்து நின்றுகொண்டே தட்டினேன்.

பதிவுக்கு உரியவர்: கொம்பையா. அழித்தேன். சந்தனமாரி. ஆண் என்பதை அழித்துப் பெண். ஐம்பத்து நாலை அழித்து இருபத்து நாலு. மாற்றத்தைச் சேமித்தேன்.

மிஷின் ஒரு நொடி யோசித்தது. பிறகு மூன்று வருஷத்துப் பச்சையும் மேலிருந்து கீழாகச் சிவப்பாக மாறியது.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பேர் மாறியதால் மிஷின் கோளாறோ என்று நினைத்தேன். டாக்டரைக் கத்திக் கூப்பிட்டேன். அவர் வந்து ஒரு மாசத்தைத் திறந்தார், இன்னொரு மாசத்தைத் திறந்தார். ஓடி முடித்த பிறகும், தூக்கத்திலும், திடீர் திடீரென்று ஏழு துடிப்பு, எட்டு துடிப்பு ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்திருந்தன. பிறகு ஒரு நீண்ட இடைவெளி.

"இது ஏன் டாக்டர் இவ்வளவு நாளா பச்சையா இருந்துச்சு?"

"ஐம்பத்து நாலு வயசு உழைச்ச ஆம்பளைக்கு இது பெரிசில்லை. வயசுக்கேற்ற இதயம்னுதான் விட்டிருக்கும்" என்றார். பேசப் பேச அவர் குரல் இறங்கியது. "இருபத்து நாலு வயசுப் பொண்ணுக்கு இது வரவே கூடாது. ஓடும்போது விழுந்து செத்துப் போறாங்களே சிஸ்டர், நல்லா இருந்த பிள்ளைங்க, அவங்க பதிவு இப்படித்தான் இருக்கும். இவ மூணு வருஷம் தப்பிச்சதே பெரிய விஷயம். உடனே படுக்க வைக்கணும். எங்க அவ?"

வார்டில் கொம்பையா மட்டும் இருந்தார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. "மாரியா? காப்பி வாங்கப் போயிருக்கா. என்ன தாயி மூச்சு வாங்குது உங்களுக்கு?" என்று கேட்டார். நான் ஒன்றுமில்லை என்றேன். அவர் விடவில்லை. "பட்டை பதிவப் பத்தி நெனச்சிக்கிட்டே படுத்திருக்கேன். தப்புதான், தண்டனைய குடுக்கட்டும். ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. மாசாமாசம் என் போனுக்கு 'நல்ல இதயம்'னு வரும். எம்பொண்டாட்டி முப்பது வயசுல ஓடியாடிக்கிட்டு இருக்கும்போதே தவறிப்போனா, என்னன்னே தெரியல. அதனால அந்தச் சேதி வாறப்பெல்லாம் பிள்ளைக்காவது நெஞ்சு கெட்டியா இருக்குன்னு நிம்மதியா தூங்குவேன்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "இந்தா வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

லிஃப்ட் கீழே எங்கோ நின்றிருந்தது. படிக்கட்டுக்கு ஓடினேன். மூன்றாவது மாடிக் கைப்பிடியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தேன். தூக்குவாளியைக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு இரண்டு படியாகத் தாவி அவள் மேலே ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"மாரி! ஓடாத! அங்கனயே நில்லு!"

அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். ஓட்டத்தை நிறுத்தவில்லை. "காப்பி ஆறிரும் அக்கா! எனக்கு என்ன, நல்ல இதயம்னு மூணு வருஷமா சர்டிபிகேட் வாங்கினவ நான்!"

நான் இறங்கி ஓடினேன். நடுப்படியில் அவளை மறித்து, மணிக்கட்டில் அந்த வெளுத்த தடத்தின் மேலேயே இறுக்கிப் பிடித்தேன். காப்பி என் சேலையில் கொட்டியது.

"ஒக்காரு" என்றேன். "அந்த சர்டிபிகேட் உங்கப்பாவுக்குக் குடுத்தது பிள்ள. உனக்கில்ல."